வாசகர் கேள்விகள்: சவேரியாரைப் பின்பற்றுவது எப்படி?

டிசம்பர் 3 அன்று நாம் கொண்டாடும் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாளையொட்டி, மறைபரப்புப் பணிக்காகவே வாழ்ந்து மறைந்த ஒருவரின் முன்மாதிரியை இல்லறத்தாரும் அலுவலகங்களில் பணிபுரிவோரும் நோயுற்றோரும் எவ்வாறு பின்பற்றுவது என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் இரண்டு பிள்ளைகளின் தாய்; வேலைக்கும் செல்கிறேன். "நாம் ஒவ்வொருவரும் சவேரியாராக மாற வேண்டும்" என்று ஆண்டுதோறும் மறையுரையில் கேட்கிறேன். ஒரு வாரம்கூட வீட்டை விட்டு வெளியே தங்க முடியாத எனக்கு இந்த அறிவுரையால் என்ன பயன்? இது திருநாளுக்காகச் சொல்லப்படும் அலங்காரப் பேச்சாகவே எனக்குப் படுகிறது.

உங்கள் ஐயம் நியாயமானது. அதற்கு நாம் சவேரியாரின் வரலாற்றைச் சொல்லும் முறையே பெரிதும் காரணம். 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பலேறினார். வழியில் மொசாம்பிக்கில் பல மாதங்கள் தங்கினார். 1542 மே 6 அன்று கோவாவில் கரையிறங்கினார். பின்னர் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறை, திருவிதாங்கூர், மலாக்கா, மொலுக்கா தீவுகள், ஜப்பான் என்று சென்று, 1552 டிசம்பர் 3 அன்று சீனத்தின் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார் என்று நாம் சொல்கிறோம். கேட்பவர் மனத்தில் எஞ்சுவது ஒரு கடல் வரைபடம் மட்டுமே. வரைபடத்தைக் கண்டு வியக்கலாம். அதைப் பின்பற்றி வாழ முடியாது.

ஆனால், ஒவ்வோர் ஊரிலும் இறங்கியபின் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். கோவா அப்போதே போர்ச்சுக்கீசியரின் ஆட்சியில் இருந்த நகரம். அங்கே ஆலயங்கள் இருந்தன, ஆயர் இருந்தார், கிறிஸ்தவர்கள் நிறைந்திருந்தார்கள். திருத்தந்தையின் தூதர் என்ற அதிகாரத்தோடு வந்த சவேரியார், தங்குவதற்கு மருத்துவமனையைத் தேர்ந்துகொண்டார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார், சிறைக் கைதிகளைச் சந்தித்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் நகருக்கு வெளியே இருந்த தொழுநோயாளரிடம் சென்று திருப்பலி நிறைவேற்றினார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்து, சிறுவர்களைக் கூட்டி மறைக்கல்வி புகட்டினார். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதே ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவர் கண்ட நிலையும் அதுவே. அக்கரையின் பரதவர் மக்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். பெற்ற கையோடு கைவிடப்பட்டும் இருந்தார்கள். திருப்பலி நிறைவேற்றவோ விசுவாச அறிக்கையைக் கற்பிக்கவோ அங்கே யாரும் இல்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறெதுவும் தெரியவில்லை என்று அவரே எழுதினார். எனவே, மறைபரப்பாளர்களின் பாதுகாவலர் நம் கரையில் தொடங்கிய முதல் பெரும்பணி, புதியவர்களை மதத்தில் சேர்ப்பதாக இருக்கவில்லை. பெயரளவில் கிறிஸ்தவராக விடப்பட்டவர்களுக்குச் செபிக்கக் கற்றுக்கொடுப்பதே அவருடைய முதல் வேலையாயிற்று. இந்த உண்மையை நம் மேடைகள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

அவர் அதை எப்படிச் செய்தார் என்பதும் உங்களுக்குப் பயன்படும். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டி, பல நாட்கள் உழைத்து, சிலுவை அடையாளச் செபம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, நாள்தோறும் இருமுறை மணியடித்து மக்களைக் கூட்டினார். கற்ற சிறுவர்களிடம், வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுங்கள் என்றார். ஊரை விட்டுப் புறப்படும்போது செபங்களின் பிரதி ஒன்றை எழுதவைத்து, ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபிக்கச் செய்ய ஒருவரைப் பொறுப்பாக நியமித்துவிட்டே அடுத்த ஊருக்குச் சென்றார்.

இதில் நீங்கள் செய்ய இயலாதது எது? உங்கள் பிள்ளைகளும் திருமுழுக்குப் பெற்றவர்கள்தாம். அவர்களுக்குச் செபத்தின் பொருளைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதை மட்டும் நம்பியிருப்பது, ஏறத்தாழ 1542-க்கு முந்தைய முத்துக்குளித்துறையின் நிலைதான். இரவில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரே ஒரு செபத்தை எடுத்துக்கொண்டு, 'எங்கள் குற்றங்களை மன்னியும்' என்று சொல்கிறோமே, இன்று நாம் யாரை மன்னிக்க வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். பெற்றோரே சொல்லாலும் முன்மாதிரியாலும் தம் பிள்ளைகளுக்கு நம்பிக்கையின் முதல் அறிவிப்பாளர்களாக விளங்க வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 11-ஆம் எண்ணில் கூறுகிறது. இந்தப் பொறுப்பைத் திருச்சபை பங்குத்தந்தைக்கு முன்பே உங்களிடம் ஒப்படைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியாவுக்குப் புறப்படும்போது, திருத்தந்தையின் தூதர் தம் துணியைத் தாமே துவைத்தால் மதிப்புக் குறையும் என்று கூறி, அவருக்கு ஒரு பணியாளரை அமர்த்த அரசவையினர் முன்வந்தார்கள். சவேரியார் மறுத்துவிட்டார், கப்பலில் தம் வேலைகளைத் தாமே செய்ததோடு, நோயுற்ற பயணிகளையும் கவனித்துக்கொண்டார். நீங்கள் நாள்தோறும் செய்கின்ற, யாரும் பாராட்டாத வேலைகளை அவர் தம் பணியின் பகுதியாகவே கருதினார். அந்த வேலைகளை வீட்டில் மற்றவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் இதே நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டலாம். கணவர்கள் இதைப் படித்தால் நல்லது.

கேள்வி: புனிதர்கள் இரவெல்லாம் செபித்தார்கள் என்று வாசிக்கிறேன். எனக்குக் கால்மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பிள்ளைகள் வந்து கலைத்துவிடுகிறார்கள். நான் எப்படித்தான் செபிப்பது?

சவேரியாருக்கும் இதே தொல்லை இருந்தது. 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து உரோமையில் உள்ள தம் இயேசு சபையினருக்கு எழுதிய கடிதத்தில், ஊர்களுக்குள் நுழைந்ததும் சிறுவர்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டு, ஏதாவது ஒரு செபத்தைக் கற்றுக்கொடுக்கும் வரையில் திருப்புகழ்மாலையைச் சொல்லவோ, உண்ணவோ, உறங்கவோ விடவில்லை என்கிறார். விண்ணரசு இத்தகையோரதே என்ற ஆண்டவரின் சொல் அப்போதுதான் தமக்கு விளங்கத் தொடங்கியது என்றும் அங்கேயே எழுதுகிறார். குருவானவர் கட்டாயம் சொல்ல வேண்டிய செபத்தையே குழந்தைகள் தடுத்தபோது அவர்களை அவர் விரட்டவில்லை. தாம் தேடிய ஆண்டவரை அந்தத் தடையிலேயே கண்டுகொண்டார்.

இதை வைத்துத் தனிச் செபமே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பகலில் மக்கள் விடாததால்தான் அவர் இரவை நாடினார். நீங்களும் வீடு அடங்கியபின் ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கைப்பேசி வேறோர் அறையில் இருக்கட்டும்.

அவருடைய பழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. தொலைவிலிருந்த தம் தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து, அவர்கள் தம் கைப்பட இட்ட பெயர்களை வெட்டியெடுத்து, தம் வார்த்தைப்பாட்டின் (துறவற உறுதிமொழியின்) பிரதியோடு சேர்த்து எப்போதும் உடன் வைத்திருப்பதாக 1546 மே மாதத்தில் அம்போன் தீவிலிருந்து எழுதினார். தனிமையில் அலைந்த மனிதர் தம் நண்பர்களை அவ்வாறு செபத்தில் தாங்கினார். நீங்கள் செபிக்க வேண்டியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். சொற்கள் எழாத நாட்களில் அப்பெயர்களை வாசிப்பதே செபமாக அமைந்துவிடும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். சவேரியார் கோவாவில் சமய விசாரணை மன்றத்தை நிறுவக் கேட்டார் என்றும், சிறுவர்களைக் கொண்டு சிலைகளை உடைக்கச் செய்தார் என்றும் என் நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையென்றால் இப்படிப்பட்டவரை எனக்கு முன்மாதிரியாகக் காட்டுவது ஏன்? பல சமயத்தவரோடு பழகும் நான் என் நம்பிக்கையைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டுமா, வேண்டாமா?

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். 1546 மே மாதத்தில் போர்ச்சுக்கல் மன்னர் மூன்றாம் யோவானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவப் பெயரைத் தாங்கிக்கொண்டு பிற சமயச் சட்டங்களின்படி வாழ்வோரைக் காரணம் காட்டி, கோவாவில் விசாரணை மன்றம் தேவை என்று அவர் கேட்டது உண்மை. அம்மன்றம் அவர் இறந்தபின், 1560-இல் நிறுவப்பட்டது. அதன் பெயரால் மக்கள் பட்ட துன்பத்தை வரலாறு பதிவு செய்திருக்கிறது. சிறுவர்கள் சிலைகளை உடைத்ததை மகிழ்ச்சியோடு அவர் எழுதியதும் அவருடைய கடிதங்களிலேயே உள்ளது. அவர் காலத்து ஐரோப்பியக் கிறிஸ்தவர் பெரும்பாலோருக்கும் இதே மனப்பாங்குதான் இருந்தது. ஆனாலும் காலத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. அச்செயல்களால் புண்பட்டவர்களும் அதே காலத்தில் வாழ்ந்தவர்கள்தாம்.

ஒருவரைப் புனிதர் என்று திருச்சபை அறிவிக்கும்போது, அவர் செய்த ஒவ்வொரு செயலுக்கும் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் முத்திரை குத்துவதில்லை. இறையருளுக்கு அவர் வீரத்தோடு தம்மைக் கையளித்தார், இப்போது இறைவனோடு இருக்கிறார் என்பதையே அது உறுதிப்படுத்துகிறது. பேதுரு ஆண்டவரை மறுதலித்தார். பவுலும் பர்னபாவும் சண்டையிட்டுப் பிரிந்தார்கள். அவர்களுடைய திருநாள்களை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் மறுதலிப்பையும் சண்டையையும் யாரும் முன்மாதிரியாகக் கொள்வதில்லை. சவேரியாரிடமும் அவ்வாறே பிரித்தறிந்து கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான அளவுகோலைத் திருச்சபையே 1965-இல் தெளிவாகத் தந்துவிட்டது. சமயச் சுதந்திரம் பற்றிய வத்திக்கான் சங்க அறிக்கை, நம்பிக்கை கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. பிற சமயங்கள் பற்றிய அறிக்கை, அவற்றில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் கத்தோலிக்கத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்கிறது. இவற்றுக்கு முரணாகச் சவேரியார் செய்தவற்றை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை, பின்பற்றவும் கூடாது.

அவருடைய கடைசி ஆண்டுகளில் அவரே மாறத் தொடங்கினார் என்பதையும் நண்பர்களிடம் சொல்லுங்கள். 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கிய அவர், அந்நாட்டு மக்களின் நாகரிகத்தையும் பகுத்தறிவையும் கண்டு பெரிதும் மதித்தார். அவர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பகல் முழுவதும் அமர்ந்து விடையளித்தார். அவர்களுடைய துறவியரோடு உரையாடினார். படைபலமும் போர்ச்சுக்கீசிய ஆட்சியும் துணைக்கு வராத ஒரு நாட்டில், கேட்பதற்கும் விளக்குவதற்கும் அவர் கற்றுக்கொண்டார். திருவிதாங்கூர்க் கரையில் 1544-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக எழுதியவர், ஜப்பானில் சில நூறு பேரோடு நிறைவு கொண்டார். இந்த இரண்டில் எது பெரிய மறைப்பணி என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். பேசத்தான் வேண்டும்; ஆனால் கேட்கப்பட்டபோது பேசுங்கள். உங்கள் எதிர்நோக்கைக் குறித்து விளக்கம் கேட்போருக்கு விடையளிக்க ஆயத்தமாயிருங்கள், ஆனால் அதைப் பணிவோடும் மரியாதையோடும் செய்யுங்கள் என்பது பேதுருவின் முதல் கடிதம் மூன்றாம் அதிகாரம் தரும் அறிவுரை. கேள்வி எழ வேண்டுமானால் உங்கள் வாழ்க்கையில் கேட்கத் தகுந்த ஏதேனும் இருக்க வேண்டும்: தேர்வில் பார்த்து எழுதாதது, கேலிக்கு ஆளானவன் பக்கம் நிற்பது, வதந்தியைப் பரப்ப மறுப்பது போன்றவை. இக்காலத்து மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே விருப்பத்தோடு செவிசாய்க்கிறார்கள் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரை கூறுகிறது. நண்பர் ஒருவர் தம் நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது, பதில் தயாரித்துக்கொண்டே கேட்காமல், உண்மையிலேயே கேட்பதும் இந்தச் சாட்சியத்தில் அடங்கும்.

கேள்வி: நான் ஓர் அலுவலகத்தில் பொறுப்பான பதவியில் இருக்கிறேன். சுற்றிலும் கையூட்டு. ஞாயிறன்று கோவிலுக்குச் சென்று வருவதோடு நிறுத்திக்கொள், அலுவலகத்தில் வாயைத் திறக்காதே என்று என் உறவினர்களே சொல்கிறார்கள். சவேரியாருக்கு இத்தகைய சிக்கல் வந்திருக்குமா?

வந்தது, அதுவும் தம் சொந்த மதத்தவரிடமிருந்தே வந்தது. அன்றைய போர்ச்சுக்கீசிய அதிகாரிகள் ஞாயிறு தவறாமல் திருப்பலி கண்டார்கள். வார நாட்களில் மக்களைச் சுரண்டினார்கள். 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து தம் தோழர் சிமாவோ ரோட்ரிகசுக்கு எழுதும்போது, உம் நண்பர்கள் யாரையும் அரச பதவிகளில் இந்தியாவுக்கு அனுப்ப உடன்படாதீர் என்று எச்சரிக்கிறார். 'கொள்ளையிடு' என்னும் ஒரே வினைச்சொல்லை எத்தனை காலங்களிலும் வடிவங்களிலும் இங்குள்ளவர்கள் உருமாற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்று கசப்போடு நகைக்கிறார். தூத்துக்குடியில் இருந்த போர்ச்சுக்கீசியத் தளபதியின் அடாவடிகளைக் கண்டபோது மேலிடத்துக்கு முறையிட்டார். மன்னருக்கு எழுதிய கடிதங்களிலும், இந்தியாவில் நடக்கும் அநியாயங்களுக்கு இறைவன் முன் நீர் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நேரடியாகவே சொன்னார். அந்த மன்னரின் ஆதரவில்தான் அவருடைய பணி முழுவதும் நடந்தது என்பதை நினைவில் வைத்தால், அத்துணிவின் அளவு புரியும்.

எனவே, கோவிலுக்குச் செல்வதோடு நிறுத்திக்கொள் என்ற உறவினரின் அறிவுரைக்குச் சவேரியார் துணை நிற்க மாட்டார். பொதுநிலையினர் உலகக் காரியங்களில் ஈடுபட்டு, புளிப்பு மாவைப் போல உள்ளிருந்தே உலகைப் புனிதப்படுத்த அழைக்கப்பட்டவர்கள் என்பது திருச்சபைக் கொள்கைத் திரட்டின் 31-ஆம் எண். ஆயினும் அவருடைய முறையையும் கவனியுங்கள். தெருவில் நின்று கூச்சலிட்டுவிட்டு அவர் வீடு திரும்பவில்லை. யாரிடம் அதிகாரம் இருந்ததோ அவரிடம், நடந்தவற்றைக் குறிப்பிட்டு, எழுத்தில் முறையிட்டார். நீங்கள் வாங்காமலிருப்பது முதல் படி. உங்கள் மேசைக்கு வரும் கோப்பு காரணமின்றி ஒரு நாளும் தேங்காமலிருப்பது இரண்டாம் படி. கையூட்டுக்கு வாய்ப்பே பெரும்பாலும் தாமதத்தில்தான் பிறக்கிறது. முறைகேட்டைச் சான்றோடு உரிய அமைப்புக்குத் தெரிவிப்பது அதற்கு அடுத்தது. குடும்பத்தின் பாதுகாப்பையும் எண்ணி, அனுபவமுள்ள ஒருவரிடம் ஆலோசனை பெற்று அதைச் செய்யுங்கள். விவேகமும் ஒரு நற்பண்புதான்.

கேள்வி: எங்கள் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் பல ஆண்டுகளாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். என் மகனே இப்போது கோவிலுக்கு வருவதில்லை. நான் தோற்றுவிட்டேனா?

சவேரியாரின் தோல்விகளை வரிசைப்படுத்தினால் நீங்கள் வியப்படைவீர்கள். 1544-இல் வடுகரின் (தெலுங்குப் படையினரின்) தாக்குதலுக்கு அஞ்சிக் கன்னியாகுமரிப் பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடிய மக்களுக்காக, மணப்பாட்டிலிருந்து உணவு ஏற்றிய தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்று முன்னேற விடவில்லை. பின்னர் தரைவழியே நடந்து சென்றார். ஜப்பானின் தலைநகரான மியாகோவுக்குக் கடுங்குளிரில் நடந்தே சென்று, 1551-இன் தொடக்கத்தில் அங்குப் பேரரசரைச் சந்திக்க இயலாமல் சில நாட்களிலேயே வெறுங்கையோடு திரும்பினார். சீனத்துக்குள் தம்மை இரகசியமாக அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்ட வணிகருக்காகச் சாங்சுவான் தீவில் காத்திருந்தார், அவர் வரவேயில்லை. காய்ச்சலில் விழுந்து 46-ஆம் வயதில் இறந்தபோது, தம் வாழ்வின் மிகப் பெரிய திட்டம் நிறைவேறவில்லை என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

மியாகோவில் தோற்றபின் அவர் செய்ததைக் கவனியுங்கள். அதுவரை கந்தலாடையே ஏழ்மையின் அடையாளம் என்று பிடிவாதமாக அணிந்து வந்தவர், அந்நாட்டில் அது அவமதிப்பாகவே கருதப்படுகிறது என்று கண்டதும், நல்லாடை அணிந்து, தூதருக்குரிய காணிக்கைகளோடு யமகுச்சியின் ஆட்சியாளரைச் சந்தித்தார். போதிப்பதற்கு அனுமதி கிடைத்தது. தாம் விரும்பிய முறை பயன்படாதபோது முறையை மாற்றிக்கொண்டார். மக்கள் மாறட்டும் என்று காத்திருக்கவில்லை. உங்கள் அன்பியக் கூட்டத்தின் நேரமும் நீளமும் வடிவமும் வேலைக்குச் செல்லும் இளையோருக்கு ஏற்றவையாக இருக்கின்றனவா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரக் கூட்டம் நாற்பது நிமிடமாகச் சுருங்கினால் தூய ஆவியார் வருத்தப்பட மாட்டார்.

மகனைப் பற்றிச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. பெற்றவரின் கவலைக்கு வெளியாரின் விளக்கம் மருந்தாகாது. எனினும், முத்துக்குளித்துறையில் தம்மோடு உழைத்த மான்சிலாசுக்குச் சவேரியார் அடுத்தடுத்து எழுதிய கடிதங்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: நல்ல தந்தை தவறிய பிள்ளைகளைப் பொறுத்துக்கொள்வதைப்போல் இம்மக்களைப் பொறுத்துக்கொள்ளும், விரும்பியதெல்லாம் செய்ய இயலாவிட்டால் இயன்றதைக் கொண்டு மனநிறைவு கொள்ளும். கோவிலுக்கு வராத மகன் வீட்டு மேசைக்கு வருகிறான் அல்லவா? அங்கே அவனுக்கு அறிவுரை வேண்டாம். அவனுடைய வேலை, நண்பர்கள், கோபங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். அவன் கோவிலில் கண்ட எந்த ஏமாற்றத்தால் விலகினான் என்பது ஒருநாள் வெளிவரும். அது நியாயமான ஏமாற்றமாக இருந்தால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோவாவில் சவேரியாரின் திருவுடலைக் காணும் வாய்ப்பைத் தவறவிட்டுவிட்டேன். அதனால் அருளை இழந்துவிட்டேனா?

இல்லை. குழந்தை இயேசு பேராலயத்தில் அவருடைய திருவுடல் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வணக்கத்துக்காகக் கீழிறக்கப்படுகிறது. கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை அவ்வாறு நடந்தது. திருப்பயணம் நல்லது, ஆனால் அது கட்டாயமன்று. பயணத்துக்கு ஒதுக்கிய தொகை கையில் இருந்தால், அவர் கோவாவில் முதலில் தேடிப்போன நோயாளிகளுக்கும் கைதிகளின் குடும்பங்களுக்கும் அது பயன்படட்டும்.

கேள்வி: எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. மறைபரப்புப் பணி என்பது இனி எனக்குரியதன்று என்று விட்டுவிடலாமா?

1927 டிசம்பர் 14 அன்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், மறைப்பணிகளின் பாதுகாவலராகச் சவேரியாரோடு இன்னொருவரையும் அறிவித்தார். அவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. 15-ஆம் வயதில் லிசியு நகரின் கார்மேல் மடத்துக்குள் சென்றவர், 1897-இல் காசநோயால் 24-ஆம் வயதில் இறக்கும் வரை அங்கிருந்து வெளியே வந்து எந்த நாட்டிலும் பணியாற்றவில்லை. மறைபரப்பாளர் இருவரைத் தம் ஆன்மிகச் சகோதரர்களாக ஏற்று, அவர்களுக்காகச் செபித்தார், கடிதம் எழுதினார். நோய் முற்றிய நாட்களில், மருத்துவப் பொறுப்பாளரின் சொற்படி தோட்டத்தில் தள்ளாடி நடந்தவரைக் கண்டு, ஓய்வெடுக்கக் கூடாதா என்று ஒரு சகோதரி கேட்டபோது, எங்கோ களைத்துப்போயிருக்கும் ஒரு மறைபரப்பாளருக்காக நடக்கிறேன் என்று விடையளித்தார். அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1897 மார்ச்சில், சவேரியாரிடமே ஒரு நவநாள் (ஒன்பது நாள் செபம்) செபித்தார் என்பதும் அறியத்தக்கது.

ஆகவே விட்டுவிட வேண்டாம். ஆனால் வலியை மறைத்துக்கொண்டு புன்னகைக்க வேண்டும் என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளவும் வேண்டாம். வலி தாங்காதபோது மருந்து கேளுங்கள், அழத் தோன்றினால் அழுங்கள். இயன்ற வேளையில், நீங்கள் பெயரறிந்த ஒரு குருவுக்காகவோ, துறவிக்காகவோ, தொலைவில் வேலைக்குச் சென்றிருக்கும் ஒரு பேரப்பிள்ளைக்காகவோ செபமாலையின் ஒரு பத்துமணிச் செபம் சொல்லுங்கள். உங்களைக் கவனித்துக்கொள்கிறவருக்கு நன்றி சொல்வதும், அவருடைய நாள் எப்படி இருந்தது என்று கேட்பதும் உங்கள் அறைக்குள்ளேயே கிடைக்கும் மறைப்பணி. உங்கள் பங்கின் நற்கருணைப் பணியாளர் வீட்டுக்கு வந்து நற்கருணை வழங்க இயலும். இதுவரை கேட்டிராவிட்டால் பங்குத்தந்தைக்குச் சொல்லியனுப்புங்கள்.

கேள்வி: மறைபரப்பு ஞாயிறன்று எடுக்கப்படும் காணிக்கைக்குச் சிறு தொகை தருவதைத் தவிர எங்கள் இளையோர் குழு என்ன செய்யலாம்?

சிறு தொகையை இகழ வேண்டாம். பிரான்சின் லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண், பட்டாலைத் தொழிலாளர்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு காசும் நாள்தோறும் ஒரு செபமும் மறைப்பணிக்குத் தருமாறு செய்த ஏற்பாட்டிலிருந்துதான் 1822-இல் விசுவாசப் பரப்புதல் சபை உருவாயிற்று; நூறாண்டுகளுக்குப்பின் அது திருத்தந்தையின் நேரடிப் பொறுப்புக்கு உட்பட்ட அமைப்பாயிற்று. 1926-இல் ஏற்படுத்தப்பட்ட மறைபரப்பு ஞாயிறு, அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. பவுலினும் 2022 மே 22 அன்று லியோன் நகரிலேயே அருளாளராக உயர்த்தப்பட்டார்.

உங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தால் அவர் செய்ததையே செய்யலாம். பங்கில் மறைக்கல்வி வகுப்புக்கு வராத பிள்ளைகள் யார், ஏன் வரவில்லை என்று முதலில் வீடு வீடாகச் சென்று கேளுங்கள். மாலைப் பணிக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள், உடற்குறை உள்ள பிள்ளைகள், அண்மையில் வேற்றூரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் அப்பட்டியலில் இருக்கக்கூடும். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டு, பெற்றோரின் ஒப்புதலோடும் அவர்கள் உடனிருக்கும்போதும் வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டிலேயே கற்றுக்கொடுங்கள். என்ன நடந்தது என்பதை மாதந்தோறும் பங்குத்தந்தைக்கு எழுத்தில் தாருங்கள். சவேரியார் உட்பட அக்கால இயேசு சபையினர் எல்லோரும் தம் பணியை அவ்வாறு கடிதமாக எழுதி அனுப்பியே ஆக வேண்டும் என்று அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கண்டிப்பாக இருந்தார்.